நோயை மறைத்து நடக்கும் கல்யாணங்கள்

மனநோய் குறித்த களங்கம் நம் குடும்பங்களில் எந்த இடத்தில் மிக வலுவாக வேலை செய்கிறது என்று என்னைக் கேட்டால், ஜாதகம் கைமாறும் இடத்தில் என்றுதான் சொல்வேன். மனம் பிறழ்ந்தவரைத் தெருவில் கேலி செய்கிறவர்களையும், கீழ்ப்பாக்கத்தின் பெயரைச் சொல்லிச் சிரிப்பு மூட்டுகிறவர்களையும் நேருக்கு நேர் கண்டித்துவிடலாம். ஆனால் பிள்ளையின்மேல் உயிரையே வைத்திருக்கும் தாயும் தகப்பனும், அவளுடைய வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் அவளுடைய நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைக்கும்போது, அதைத் தடுக்க அந்த வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை. என் அக்காவின் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. அவளே படித்துப் பார்த்து, சில இடங்களைத் திருத்தச் சொல்லி, போடலாம் என்று சொன்ன பிறகுதான் இதை எழுதி வெளியிடுகிறேன். ஊர், பெயர் போன்று அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு மனச்சிதைவு நோய். கல்லூரி இறுதியாண்டில் தொடங்கியது. பக்கத்து மாடியில் இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள், ஜன்னலைச் சாத்தினாள், சாத்திய பிறகும் அந்தக் குரல்கள் கேட்கின்றன என்றாள். தூக்கம் போயிற்று. தட்டில் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தாள். வீட்டில் முதலில் கோடாங்கியிடம் போனார்கள், திருநீறு போட்டார்கள், ஒரு மண்டலம் கோயிலில் தங்கினார்கள், ஏர்வாடி தர்காவுக்கும் போய் வந்தார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது பல மாதங்கள் ஓடியிருந்தன. இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை. அப்பா அரசு வேலையில் இருந்தவர், மனநல மருத்துவர் என்று ஒருவர் இருப்பது அவருக்குத் தெரியும். கோயிலில் தங்கினால் நேர்த்திக்கடன் என்று ஊருக்குச் சொல்லலாம், மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவரைத் தடுத்தது. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், கீழ்ப்பாக்கம் மட்டும் வேண்டாம் என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இந்தத் தயக்கம் எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் சிகிச்சையில் இல்லை என்று தெரியவந்தது. மருத்துவர் பற்றாக்குறையும் செலவும் அதற்குக் காரணங்கள்தான், ஆனால் வாசலில் நிற்கக் கூசுவதும் அந்தக் கணக்கில் ஒரு பெரிய பங்கு என்று நான் நம்புகிறேன்.

இந்த நோய் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டுகிறது. நம் ஊரில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் வயதும் அதுவேதான். குணமடைவதற்குத் தேவையான அமைதியான இரண்டு மூன்று ஆண்டுகளை, 'இன்னும் எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்கப் போகிறீர்கள்' என்ற கேள்வி வந்து நிரப்பிவிடுகிறது. நோய் இன்னும் பத்து ஆண்டு தாமதமாக வருகிற ஒன்றாக இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டிய அவசரமே பல குடும்பங்களுக்கு வந்திருக்காது என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

மருத்துவர், குரல்களை அடக்க ரிஸ்பெரிடோன் மாத்திரையும், கைநடுக்கம் வராமலிருக்க ட்ரைஹெக்சிஃபெனிடிலும் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அக்கா தூங்கத் தொடங்கினாள், பிறகு சாப்பிடத் தொடங்கினாள், மெல்ல மெல்லக் குரல்கள் அடங்கின. விட்டுப்போன தேர்வுகளை எழுதி முடித்தாள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்ப வரும் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இரவு எட்டரை மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பார். அந்த ஏற்பாடு குலையாமல் இருந்தவரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வார்த்தையை எங்கள் உறவில் சொல்லாதவர்கள் குறைவு. மனநல மருத்துவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். தோஷத்துக்குப் பரிகாரம் போல நோய்க்குக் கல்யாணம் என்று அதைச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அம்மாவும் அப்பாவும் அதற்கு இணங்கியதன் காரணம் வேறு. எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் இரவில் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஊரிடமும் பதில் இல்லை, அரசிடமும் அப்போது உருப்படியான பதில் இல்லை. பெற்றவர்கள் கண்மூடிய பிறகு, நோயுள்ள பெண் மரியாதையோடு தங்குவதற்கு ஓர் இடமும், மாதாமாதம் கைக்கு வரும் ஒரு தொகையும் உறுதியாக இருந்திருந்தால், ஒரு புருஷன் வீட்டை அவளுக்கான காப்பகமாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். மறைத்தது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவர்களைக் கொடியவர்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எதுவும் சொல்லப்படவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவும் பெரியம்மாவும் பின்கட்டில் உட்கார்ந்து, அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, காலியான கால்சியம் மாத்திரை டப்பாவுக்குள் போட்டார்கள். வெறும் அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தார்கள். "யாரு கேட்டாலும் சத்து மாத்திரைன்னு சொல்லிரு தாயி" என்று பெரியம்மா அக்காவிடம் சொன்னார். அக்கா தலையாட்டினாள். இந்தக் கல்யாணம் வேண்டுமா என்றும், சொல்லலாமா வேண்டாமா என்றும், எப்படிச் சொல்வது என்றும் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோய் வந்த நாளிலிருந்தே அவளைப் பற்றிய முடிவுகளை மற்றவர்கள் எடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அவள் முழுத் தெளிவோடு, பள்ளியில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த காலத்திலும் அந்த வழக்கம் மாறவில்லை. களங்கம் ஒரு மனிதரிடமிருந்து முதலில் பறிப்பது அவருடைய பேச்சுக்கு உள்ள மதிப்பைத்தான்; அதன் பிறகு பறிபோகும் மற்றவையெல்லாம் அதன் வழியாகவே போகின்றன.

புகுந்த வீட்டில் நடந்ததை அக்கா பின்னாளில் எனக்குச் சொன்னாள். கூட்டுக் குடும்பம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே குளியலறை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு குளியலறைக்குப் போய், குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி விழுங்குவாளாம். ஒருநாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "மதினி, கால்சியம் மாத்திரை இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். விகல்பமில்லாமல் கேட்ட கேள்விதான். அன்று முதல் டப்பா பெட்டியின் அடியில் பட்டுச் சேலைகளுக்குக் கீழே போயிற்று. மாத்திரை எடுக்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். ராத்திரியில் எதற்குப் பெட்டியைத் திறக்கிறாய் என்று யாராவது கேட்டால் அதற்கொரு பதிலும் தயாராக வைத்திருக்க வேண்டும். சில இரவுகள் தவறின. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கோலம் போடவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த மாத்திரையின் தூக்கம் அவ்வளவு சீக்கிரம் கலையாது. சோம்பேறி என்று பெயர் வந்தது. நோயைச் சொல்லியிருந்தால் மருந்தின் தூக்கம் மருந்தின் தூக்கமாகவே இருந்திருக்கும், மறைத்ததால் அது அவளுடைய குணமாகிவிட்டது.

பிறகு அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எங்கள் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார், அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. ரிஸ்பெரிடோன் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பின் அளவைக் கூட்டும். அதனால் சில பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றேபோகும். மருந்தின் அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மகப்பேறு மருத்துவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா அம்மா? பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். இல்லை என்றாள் அக்கா. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்து, இந்த மாத்திரையால்தான் இப்படி ஆகிறது என்று அவளாகவே கண்டுகொண்டாள். அந்தக் கணிப்பு சரியானதும்கூட. அன்றோடு நிறுத்திவிட்டாள். குழந்தை பிறந்தால் இந்த வீட்டில் தன் இடம் உறுதியாகிவிடும் என்று அவள் நினைத்ததை யார் குற்றம் சொல்ல முடியும்? மாற்று மருந்து இருக்கிறது என்று சொல்லக்கூடிய மருத்துவர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். அவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப அவளால் முடியவில்லை.

மருந்தை நிறுத்துவதன் ஆபத்து எவ்வளவு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 65 சோதனைகளில் பங்கேற்ற 6,000க்கும் மேற்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 100க்கு 27 பேர். மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 100க்கு 64 பேர். அக்காவுக்கு மருந்து நின்றதோடு, தூக்கமும் கெட்டிருந்தது, புது வீட்டின் நெருக்கடியும் இருந்தது, எப்போது தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் எந்நேரமும் இருந்தது. சில மாதங்களில் குரல்கள் திரும்பி வந்தன. சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அவர்களும் முதலில் பூசாரியைத்தான் அழைத்தார்கள். பெட்டியைக் குடைந்தபோது டப்பா கிடைத்தது. மருந்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டியதும் விஷயம் வெளிவந்தது.

அத்தான் அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவர் கத்தவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். அவருடைய கோபத்தில் முழு நியாயம் இருந்தது. சொல்லியிருந்தால் கட்டியிருப்பாரா என்பது வேறு விஷயம். கட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை அவருக்கு இருந்தது, அதை நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. நோயைப் பற்றிய பயம் அவருக்கு முன்பே இருந்திருக்கலாம். ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பு அதன் மேல் ஏறியதும், மனநோய் உள்ளவர் என்றாலே வஞ்சகம் என்று அந்தக் குடும்பத்தில் இனி எத்தனை பேர் நம்புவார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மறைத்த ஒவ்வொரு கல்யாணமும் உடையும்போது, அடுத்து வரும் நோயாளியின் மேல் இன்னும் ஒரு அடுக்குக் களங்கம் ஏறுகிறது.

சென்னையில் மருத்துவர் எம். சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சிக்கலைப் பல காலமாக ஆராய்ந்து வருகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் பல ஆண்டுகள் தலைமை ஏற்றவர் அவர். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். தாராவும் டி. என். ஸ்ரீனிவாசனும் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தாரிடம் பேசி 2000இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களை மிகவும் அழுத்திய கவலைகளாகத் தெரியவந்தவை கல்யாணம், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், பிறரிடமிருந்து மறைத்தாக வேண்டிய கட்டாயம் ஆகியவை. கணவரைப் பிரிந்த நோயாளிப் பெண்களைப் பற்றி தாராவும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. மனநோயால் வந்த களங்கத்தைவிட வாழாவெட்டி என்ற களங்கத்தையே அந்தப் பெண்களும் அவர்கள் குடும்பங்களும் கடுமையாக உணர்ந்தார்கள் என்று அது சொல்கிறது. என் அக்காவும் பல ஆண்டுகள் தாலியைக் கழற்றவில்லை. விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும்போது தட்டு தன்னைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம் என்று ஒருமுறை சொன்னாள். அந்தத் தட்டு தாண்டிப் போனதும் உண்டு.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை, பெண்ணைப் பெற்றவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மறைப்பது பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் தொடர்பாக வழக்குப் போட மூன்று வழிகள் இருக்கின்றன. மணத்தின்போதே நோய் மிகக் கடுமையாக இருந்தால் அந்த மணத்தை ரத்து செய்யக் கோரலாம். பிற்பாடு, குணப்படுத்த முடியாத அளவிலோ, கூடி வாழ்வதை எதிர்பார்க்க இயலாத அளவிலோ நோய் இருந்தால் விவாகரத்துக் கோரலாம். இவை தவிர, முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் பெறப்பட்டது என்றும் 12ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம்; மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். முதல் இரண்டையும் நிரூபிப்பது எளிதல்ல. மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஒரு கணவர் கொண்டுவந்த வழக்கில், நோயின் பெயர் மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, அதன் கடுமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தெளிவாகச் சொல்லி, அவருடைய கோரிக்கையை மறுத்தது. அந்த மனைவி மருத்துவர். சிகிச்சை எடுத்துக்கொண்டு வேலை பார்த்துவந்தவர். ஆக, மருந்து சாப்பிட்டு நலமாக இருக்கும் ஒரு பெண்ணை நோயைக் காரணம் காட்டி விலக்குவது சட்டப்படி கடினம், ஆனால் மறைத்தார்கள் என்று காட்டி விலக்குவதற்குச் சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அக்காவுக்கு வந்த நோட்டீஸில் மோசடி என்ற வார்த்தைதான் முதல் பத்தியில் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த வழக்குக்கு அடிப்படையே இருந்திருக்காது. வழக்கு இழுத்துக்கொண்டு போய், கடைசியில் இருவரும் சம்மதித்துப் பிரிந்தார்கள்.

களங்கம் நோயாளியோடு நிற்பதில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது, எங்கள் தெரு முனையில் இருக்கும் டீக்கடையில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. மரபு வழியில் இந்த நோய்க்குத் தொடர்பு இருப்பது உண்மை. பொதுமக்களில் 100க்கு ஒருவருக்கு வருவது, நோயாளியின் உடன்பிறந்தவர்களில் 100க்கு 9 அல்லது 10 பேருக்கு வரலாம் என்பது பொதுவான கணக்கு. அதையே திருப்பிச் சொன்னால் உடன்பிறந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு வராது. சர்க்கரை நோயும் குடும்பத்தில் தொடர்கிறது. அதற்காக யாரும் பெண் கொடுக்க மறுப்பதில்லை. நான் என் மனைவியிடம் முதல் சந்திப்பிலேயே அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார், யோசித்தார், சரி என்றார். இன்று அக்காவோடு மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் அவர்தான்.

எங்கள் வீட்டில் மறைப்பது இந்த அளவில் நின்றது. எல்லா வீட்டிலும் நிற்பதில்லை. பூட்டிய பின்கட்டு அறை, சங்கிலி, கண்காணாத இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது என்று அது நீளும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். செய்தி வந்த அன்று அப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்; நாங்கள் அந்த ஊரில் தங்கியிருந்த நாட்களில் பக்கத்துக் கொட்டகைகளில் சங்கிலியின் ஓசையை அவரும் கேட்டிருந்தார். அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையை எடுத்தது, அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எழுத்திலேயே தடை செய்கிறது. இன்று ஏர்வாடி தர்காவில் வேண்டுதலோடு மருந்தும் கிடைக்க வழி செய்யும் அரசுத் திட்டம் நடக்கிறது. நம்பிக்கையோடு வருகிறவர்களைத் திட்டித் துரத்தாமல், அவர்கள் வந்து நிற்கும் இடத்திலேயே மருத்துவரை உட்கார வைத்தது நல்ல யோசனை என்று நினைக்கிறேன்.

அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒன்று சொல்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும்படி கோரும் உரிமை நோயாளிக்கு உண்டு. பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ கேட்டார்கள் என்பதற்காக மருத்துவர் எடுத்துச் சொல்லிவிட முடியாது. தன் சார்பில் பேச யாரை நியமிப்பது என்பதையும் நோயாளியே எழுதிக் கொடுக்கலாம். கல்யாண விஷயத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவும் இதையொட்டியதுதான். சொல்வதா வேண்டாமா என்பது பெற்றோரின் முடிவு அல்ல, நோய் யாருக்கு இருக்கிறதோ அவருடைய முடிவு. கல்யாணம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அத்தோடு அந்தப் பேச்சு முடிய வேண்டும். வேண்டும் என்று சொன்னால், அவரே சொல்வதற்கு நாம் பக்கத்தில் உட்கார வேண்டும். ஊர் முழுக்கத் தண்டோரா போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து வாழப்போகிற ஒருவரிடம் சொல்வதும் ஊரிடம் சொல்வதும் ஒன்றல்ல.

சில மாதங்களுக்கு முன் தூரத்து உறவில் ஓர் அத்தை, இருமுனை மனநிலைக் கோளாறு (மனம் சில காலம் அளவுமீறிப் பொங்குவதும் சில காலம் சோர்ந்து போவதுமான நோய்) உள்ள தன் மகளுக்கு வரன் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தார். வந்தது என்னிடம், பேசியது அக்கா. தரகர் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம், அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்குச் சொல்வார் என்றாள். நோயின் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும், நரம்புத் தளர்ச்சி என்று பூசி மெழுகக் கூடாது. மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும். கடைசியாக எப்போது உடம்பு சரியில்லாமல் போனது, அப்போது என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்றாள். அத்தையின் முகம் வாடிவிட்டது. "சொன்னா யாருமா கட்டுவா?" என்று கேட்டார். "சொல்லாமக் கட்டி என்னாச்சுன்னு என்னப் பாத்துக்கோங்க அத்தை" என்றாள் அக்கா. கசப்பே இல்லாமல் சொன்னாள். அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். இரவில் மனம் கலங்கினால், யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்க வேண்டாம், அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416ஐத் தமிழிலேயே பேசி அழைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த வரன் போய்விட்டது. அடுத்ததும் போயிற்று. அடுத்து வந்த பையன், சொன்னதைக் கேட்டுவிட்டு, மருத்துவரைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். பெண்ணின் சம்மதத்தோடு இருவரும் சேர்ந்தே போனார்கள். வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டுமா, குழந்தைக்கு வருமா, உடம்பு சரியில்லாமல் போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாராம். கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண்ணே பதில் சொல்லியிருக்கிறாள்: தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருந்தால் அதுதான் முதல் அறிகுறி, இரண்டு இரவு அப்படிப் போனால் என்னை இங்கே கூட்டிவந்துவிடுங்கள். அவள் சாப்பிட்டுவந்தது, மனநிலையைச் சீராக வைத்திருக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்து. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த மருந்து உடலில் இருந்தால் கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும், குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். பல பெண்களுக்கு, கர்ப்பம் என்று தெரியவரும் முன்பே அந்தத் தொடக்க வாரங்கள் கடந்துவிடும். கல்யாணம் தை மாதம் என்று முடிவானதும், மருத்துவர் இப்போதிருந்தே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றத் தொடங்கிவிட்டார். மாற்றும் காலத்தில் தூக்கத்தைக் கவனித்துக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்றை மாப்பிள்ளைதான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.